ஈரத்தோடு போட்ட எடை

என் கணவர் சோற்றுக்கு உட்கார்ந்தால் முதலில் என் முகத்தைப் பார்ப்பார். அப்புறம்தான் தட்டைப் பார்ப்பார். இந்தப் பழக்கம் அவருக்குப் பிறவியில் வந்ததல்ல. மூன்றே மாதத்தில் நான் உண்டாக்கிக் கொடுத்தது. அதைப் போக்குவதற்குப் படாத பாடு பட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு வருடம் ஆகப்போகிறது, போனபாடில்லை.

எனக்கு ஒரு பனியன் கம்பெனியில் துணி பரிசோதிக்கும் வேலை. சாயப்பட்டறையிலிருந்து வரும் துணி, ஆர்டரில் சொன்ன கனத்தில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வட்டமான ஒரு கட்டரைத் துணிமேல் வைத்து அழுத்தி ஒரு திருகு திருகினால் சின்ன அப்பளம் அளவுக்குத் துணி வெட்டுப்பட்டு வரும். அதைக் கண்ணாடிக் கூண்டு வைத்த தராசில் போட்டால் கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும். அதைக் கொண்டு ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று கணக்கிடுவோம். ஜிஎஸ்எம் என்பது அதுதான். என் கையெழுத்து இல்லாமல் எங்கள் கம்பெனியில் ஒரு ரோல்கூட கட்டிங் டேபிளுக்குப் போகாது. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

கணவர் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நாள் முழுக்க நின்றபடி வேலை. சாப்பாட்டுப் பிரியர் என்று சொன்னால் அது பாதிதான். அவர் உண்பதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பவருக்கும் பசிக்கும். அரிசி பருப்புச் சோறு ஆக்கினால் குக்கர் விசில் அடங்குவதற்குள் தட்டோடு வந்து நிற்பார். நெய் விட்டுப் பிசைந்து, முதல் வாய் உள்ளே போனதும் கண்ணை மூடிக்கொண்டு, “இன்னொரு கரண்டி எடுத்து வெச்சிரு அம்மிணி” என்பார். தட்டில் இருப்பது தீருவதற்கு முன்னாலேயே அடுத்ததற்குத் துண்டு போட்டு வைக்கிற ஆள். கல்யாணமான நாளிலிருந்து என்னை அம்மிணி என்றுதான் கூப்பிட்டார். என் பெயரை அவர் சொல்லிக் கேட்டது ரேஷன் கடையில் மட்டும்தான்.

மகள் படிப்புக்காக ஹாஸ்டலுக்குப் போன வருடம், அவருக்கு முட்டிவலி என்று டாக்டரிடம் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை வாசற்படிக்கு வந்து நிற்கிறது, உள்ளே வரவில்லை என்றார் டாக்டர். ஆறு மாதத்தில் பத்துக் கிலோ குறைத்தால் மாத்திரை இல்லாமலே தள்ளி வைக்கலாம் என்றும் சொன்னார். அடுத்த அறையில் உணவு ஆலோசனை சொல்லும் பெண் ஒரு தாளில் காலைக்கு இத்தனை கலோரி, மதியத்துக்கு இத்தனை, இரவுக்கு இத்தனை என்று எழுதிக் கொடுத்தாள். மதியச் சோற்றுக்கு முந்நூற்று ஐம்பது. போனில் பார்த்தால் எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று வரும், அளந்து போடுங்கள் என்றாள்.

அளந்து போடுங்கள் என்று யாரிடம் சொன்னாள் பாருங்கள்.

கம்பெனியில் புதுத் தராசு வாங்கியதும் பழையதை ஓரம் கட்டியிருந்தார்கள். முதலாளியிடம் கேட்டேன், எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அடுப்பு மேடையில் மிக்சிக்குப் பக்கத்தில் அதை வைத்தேன். அரைக் கிலோவுக்கு மேல் தாங்காது என்பதால் தட்டை வைக்க முடியாது. ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து, பூஜ்ஜியம் ஆக்கி, அதில் சோற்றைப் போட்டு எடை பார்த்து, பிறகு தட்டில் கவிழ்த்தேன், வேலை நாளில் என்றால் அவர் சாப்பாட்டு டப்பாவில். போனில் அரிசி என்று தேடினேன். நூறு கிராமுக்கு முந்நூற்று ஐம்பது என்று வந்தது. கணக்கு கையில் வந்து விழுந்த மாதிரி இருந்தது. மதியத்துக்கு நூறு கிராம் சோறு. பருப்புக்கும் அதே மாதிரி பார்த்தேன். குக்கரிலிருந்து எடுத்த பருப்பை முப்பது கிராம் அளந்து விட்டேன்.

முதல் நாள் தட்டைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். “சாமிக்குப் படைக்கறதாட்ட இருக்குது அம்மிணி. மிச்சம் எங்க?” என்றார்.

“இதானுங்க அளவு. முந்நூத்தி அம்பது.”

“முந்நூத்தி அம்பது பருக்கையா?”

அன்று நானும் சிரித்தேன். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தது. ஒரு வாரம் போனதும் அவர் வேடிக்கை பேசுவதை நிறுத்திவிட்டார். “வவுத்துக்குப் பத்தல அம்மிணி” என்று தாழ்ந்த குரலில் சொல்வார். வயிறு என்பது ரப்பர் மாதிரி, இழுத்தால் இழுபடும், விட்டால் சுருங்கும் என்று எங்கேயோ கேட்டதை எடுத்துவிடுவேன். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பேன். அந்தப் பழமொழியை அந்த மூன்று மாதத்தில் நான் எத்தனை தடவை சொன்னேன் என்று நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஒரு நாள் தராசில் நூற்றி நான்கு காட்டியது. நான்கு கிராமைக் கரண்டியால் திரும்ப எடுத்தேன். நான்கு கிராம் சோறு என்றால் என்ன? ஒரு காக்கைக்குக்கூடப் பத்தாது. துணிக்கு நாங்கள் நூற்றுக்கு ஐந்து கூடக் குறைய இருந்தால் விட்டுக்கொடுப்போம். அது எழுதப்பட்ட விதி. என் கணவருக்கு நான் அதைக்கூட விடவில்லை. அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எடை குறைந்தது. குறையாமல் என்ன செய்யும்? ஒரே மாதத்தில் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. அக்கம்பக்கத்தில் என்னிடம் யோசனை கேட்டார்கள். இரண்டாம் முறை போனபோது அந்த ஆலோசனைப் பெண்ணே நெற்றியைச் சுருக்கினாள். “இவ்வளவு சீக்கிரமா குறையுதே, மதியம் அரிசி எவ்வளவு போடறீங்க?” என்று கேட்டாள்.

“நூறு கிராமுங்க. கிராம் தப்ப உடமாட்டேனுங்க” என்றேன்.

அவள் தாளைப் பார்த்தாள், சரியாக இருந்தது, தலையாட்டினாள். அவள் கேட்டது பானையில் போடும் அரிசியை. நான் சொன்னது தட்டில் விழும் சோற்றை. அவர் எனக்கும் அவளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். பசிக்கிறது என்று அன்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தன் பசியைப் பற்றி வெளியே பேசுவது வெட்கக்கேடு என்று நான் அதற்குள் அவரை நம்ப வைத்திருந்தேன்.

அதற்கடுத்த வாரம் துணி துவைக்க எடுத்தபோது, அவர் சட்டைப் பையின் விளிம்பில் ஒரு கறை கண்ணில் பட்டது. கறை பார்ப்பதும் என் வேலைதான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

“ஏனுங்க, இதென்ன கறைங்க?”

“மெசின் ஆயிலு.”

“மெசின் ஆயிலு கறுப்பா இருக்குமுங்க. இது மஞ்சளா இருக்குது. பஜ்ஜி வாசம் வேற அடிக்குதுங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஐம்பது வயது மனிதர், இருபது பேருக்கு வேலை சொல்கிற மாஸ்டர், என் முன்னால் சட்டையும் கறையுமாகப் பிடிபட்டு நின்றார். “ரெண்டே ரெண்டுதான் அம்மிணி. கண்ணு இருட்டிட்டு வந்துச்சு” என்றார். நான் விட்டேனா? திருட்டுத் தீனி தின்கிற வாய்க்குச் சர்க்கரை வராமல் என்ன வரும் என்று ஆரம்பித்து, அவர் தின்ற இரண்டு பஜ்ஜிக்குப் பதிலாக இரவுச் சப்பாத்தியில் ஒன்றைக் குறைத்தேன். மரியாதை குறையாமல் மானத்தை வாங்க எங்கள் ஊர்ப் பேச்சில் வழி இருக்கிறது. எல்லா வாக்கியத்திலும் ங்க போட்டுத்தான் திட்டினேன்.

அதோடு நின்றிருந்தால்கூட இத்தனை வருத்தம் இருந்திருக்காது.

பொங்கலூர்ப் பக்கம் என் அக்கா மகள் கல்யாணம். எங்கள் பக்கத்துப் பந்தியில் போதும் என்ற சொல்லுக்கு மதிப்பே கிடையாது. கையை வைத்து மறைத்தால் கைமேலேயே சோறு விழும். விருந்துக்கு வந்த ஒறம்பரை சனத்தை வற்புறுத்தாவிட்டால் பரிமாறுகிறவருக்குத்தான் குறைச்சல். ஆண்கள் வரிசைக்கு எதிர்வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். கணவரின் இலையில் பருப்புப் பூரணம் வைத்த ஒப்புட்டு விழுந்திருந்தது. அவர் அதைக் கையால் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு உயிர் அது. கடைசியில் தின்பதற்காக எப்போதும் இலையின் மூலையில் ஒதுக்கி வைப்பார். சோற்றுத் தூக்கோடு வந்த ஆள் முதல் கரண்டியைப் போட்டான். இரண்டாவது கரண்டிக்கு இவர் கை மறைக்கவில்லை. மூன்றாவதற்கும் மறைக்கவில்லை.

எனக்குச் சுரீரென்று ஏறியது. எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

“ஏனுங்க தம்பி, அவருக்குப் போதுமுங்க. ஊட்டுல அளந்து போட்டா வெளிய போயித் திருடித் திங்கறாரு. இங்கயாச்சும் கட்டுப்பாடா இருக்கட்டும்.”

வரிசையே சிரித்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. கல்யாண வீட்டுச் சிரிப்புதான். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு மட்டும் எனக்கு மறக்கவில்லை. ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு இலையை மடித்தார். ஒப்புட்டு உள்ளேயே இருந்தது. அப்படியே எழுந்து போயிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும், கோபம் வந்துவிட்டது என்று கணக்கில் வைத்துக்கொண்டிருப்பேன். பக்கத்து இலைக்காரர் உண்டு முடிக்காமல் எழுந்தால் அவருக்கு மரியாதைக் குறைவு என்பதால், மூடிய இலைக்கு முன்னால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் பாயசம் குடித்து முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிட்டேன்.

அன்றிலிருந்து அவர் என்னை அம்மிணி என்று கூப்பிடவில்லை. சண்டை இல்லை, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. போட்டதை உண்டார், தட்டைக் கழுவி வைத்தார். நான்தான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். இருபது நாள் கழித்து அவருடைய கம்பெனியிலிருந்து போன் வந்தது. கட்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது தலை சுற்றி, சுவிட்சை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். நல்ல வேளை, கை பிளேடுக்குப் பக்கத்தில் இல்லை. ஆட்டோ பிடித்து ஓடினேன். அவரோடு வேலை பார்க்கும் தென்காசிப் பக்கத்துக்காரர் ஒருவர் கையில் குளுக்கோஸ் தண்ணீரோடு நின்றார். “மயினி, அண்ணன் மத்தியானம் ஒழுங்கா சாப்பிட மாட்டேங்காவ. டப்பாவுல சோறே இருக்க மாட்டேங்கு” என்றார். அவரை ஒதுக்கிவிட்டுக் கணவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி இது:

“வெளிய என்னத்தத் தின்னீங்க?”

“ஒண்ணுந் திங்கல. நீ குடுத்தது மட்டுந்தான்” என்றார்.

நான் நம்பவில்லை. சட்டைப் பையைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

அதற்கு நான்கு நாள் கழித்து, சாயப்பட்டறை மேனேஜர் ஒருவர் அவசரம் என்று துணியை அவரே வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். முந்தின லாட்டில் கனம் குறைவு என்று நான் திருப்பி அனுப்பியிருந்தேன். கட்டரில் வெட்டித் தராசில் வைத்தார். “பாருங்க மேடம். நூத்தி எண்பது கேட்டீங்க, நூத்தித் தொண்ணூறே இருக்குது. இப்ப என்ன சொல்றீங்க?” என்றார்.

நான் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

“ஏனுங்க, காயாமக் கொண்டாந்து எடை போடச் சொல்றீங்களே, இது நாயமுங்களா? ஈரத்தோட எடை போட்டா தண்ணியுஞ் சேத்தித்தானுங்க காட்டும். துணி எங்கீங்க இருக்குது இதுல? பாதி தண்ணி…”

அவர் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அடுப்பு மேடையும், எவர்சில்வர் கிண்ணமும், அதில் ஆவி பறக்கிற சோறும்தான் கண்முன் நின்றன. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வருகிற போகிற எல்லோருக்கும் நான் பாடம் எடுக்கிற ஒரே விஷயம் இது. ஊருக்குத்தான் உபதேசம்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அரிசியை நூறு கிராம் நிறுத்து, களைந்து, வேக வைத்து, வடித்ததும் அதே தராசில் வைத்தேன். ஒரு கிண்ணத்தில் அடங்கவில்லை, மூன்று முறை போட்டுக் கூட்டினேன். இருநூற்று எண்பது வந்தது. திரும்பவும் போட்டுப் பார்த்தேன், அதேதான். போனில் நான் பார்த்த கணக்கு அரிசிக்கு. நான் அளந்தது தண்ணீர் குடித்து ஊதிய சோற்றை. அவருக்கு உரியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் இத்தனை நாளும் போட்டிருக்கிறேன். பருப்பும் அப்படித்தான். காலை இட்லியையும் இரவுச் சப்பாத்தியையும் எண்ணிக்கையில் கணக்குப் போட்டதால் அவை தப்பியிருந்தன. அந்த இட்லியிலும் சப்பாத்தியிலும்தான் மனிதர் நடமாடியிருக்கிறார். அவ்வளவு சோற்றையும் தட்டில் குவித்து வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் அவர் வந்ததும் தட்டைக் காட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். கோர்வையாக வரவில்லை, அரிசி, சோறு, ஈரம், சாயப்பட்டறை என்று குழப்பியடித்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்றே சொல்லலாம். அவர் கிட்டே வந்து அந்தச் சோற்றைக் குனிந்து பார்த்தார்.

“அப்ப அது நெசமான பசிதானா?” என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

“இல்ல, எல்லாருந்தான் அளவாத் திங்கறாங்க. எனக்கு மட்டும் ஏன் இப்பிடி நாய்ப் பசி பசிக்குதுன்னு நெனச்சேன். என்ர வவுறு என்ன வவுறோ, நாந்தான் சரியில்லையாட்ட இருக்குதுன்னு இருந்தேன். பஜ்ஜி திங்கையில எனக்கே அசிங்கமா இருந்துச்சு.”

மன்னிச்சுக்குங்க என்றேன். அந்தச் சொல்லை அவரிடம் அதற்கு முன் நான் சொன்னதில்லை. “போச்சாது உடு, பரவாயில்ல” என்றார். ஆறிப்போன அந்தச் சோற்றில் மோர் விட்டுப் பிசைந்து பாதி உண்டார். மீதியைத் தள்ளி வைத்துவிட்டு, “முடியல” என்றார். நிஜமாகவே முடியவில்லையா, என்னை நம்பி உண்ண முடியவில்லையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாளே தராசைக் கம்பெனியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். ஆலோசனைப் பெண்ணிடம் போய் உள்ளதைச் சொல்லிப் புதுக் கணக்கு வாங்கி வந்தேன். இப்போது அரிசியைக் களைவதற்கு முன்னாலேயே இருவருக்கும் சேர்த்து ஆழாக்கால் அளந்துவிடுகிறேன். வெந்த பிறகு தட்டில் அளப்பதில்லை. சர்க்கரை இன்னும் வாசற்படியிலேயே நிற்கிறது. டாக்டர் சந்தோஷமாக இருக்கிறார். எல்லாம் சரியாகிவிட்டது என்று வெளியிலிருந்து பார்த்தால் தோன்றும். ஆனால் இன்னொரு கரண்டி என்று அவராக வாய் திறந்து கேட்பதில்லை. போடட்டுமா என்று கேட்டால், “நீ பாத்துப் போடு” என்கிறார். சில நாள் கோபமே வந்துவிடுகிறது. உங்கள் பசி எனக்கு எப்படித் தெரியும் என்று கத்தத் தோன்றும். இத்தனை நாள் தெரியும் என்றுதானே ஆடினேன் என்று வாயை மூடிக்கொள்வேன்.

போன மாதம் அதே அக்கா மகளுக்கு வளைகாப்பு. அதே ஊர், அதே ஜனங்கள். பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் நாலு இலை தள்ளி அவர் உட்கார்ந்திருந்தார். வேண்டுமென்றே நான் என் இலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சோற்றுத் தூக்கு அவரிடம் வந்து நின்றது. “இன்னுங் கொஞ்சம் வெச்சுக்கிறீங்களா சித்தப்பா?” என்று பரிமாறிய பையன் கேட்டது காதில் விழுந்தது. பதில் வரவில்லை. தூக்கு நகரவும் இல்லை. நிமிர்ந்தேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரண்டி இலைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. பக்கத்திலிருந்தவர்களும் அவர் பார்த்த திசையில் திரும்பிப் பார்த்தார்கள். “போடுங்க தம்பி, அவருக்கு நல்லாப் போடுங்க!” என்று கத்தினேன். வரிசை மறுபடியும் சிரித்தது. பையன் இரண்டு கரண்டி போட்டான். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது: இந்தத் தடவையும் அவர் சொல்ல வேண்டியதை நான்தான் சொல்லியிருக்கிறேன்.

அவர் தலையைக் குனிந்து, போட்டதை ஒரு பருக்கை விடாமல் உண்டார். ஒப்புட்டையும் உண்டார், கடைசிக்கு ஒதுக்கி வைக்காமல் முதலிலேயே.